ஐஸ் பீரோவின் மேல்தட்டு

சர்புன்னிசா வீட்டு ஐஸ் பீரோ நோயாளியாகக் கிடந்தவரை ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் அதைக் குணப்படுத்தினாளே, அன்றைக்குப் பிடித்தது வினை.

ஐஸ் பீரோ என்பது கடலூர் முதுநகரில் அந்தத் தெரு வைத்த பெயர். அவள் புருஷன் காசிமுக்குப் பினாங்கில் ஓர் ஓட்டலில் வேலை. ஓட்டல்காரர் புதிது வாங்கியபோது பழையதைக் கேட்டு வாங்கி, நாகப்பட்டினம் வரை கப்பலிலும் அங்கிருந்து லாரியிலும் ஏற்றி, வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். ஆள் உயரம். வெள்ளை வெளேரென்று ஒற்றைக் கதவு. திறந்தால் மேலிருந்து கீழ்வரை தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் குளிர்க் குழாய். ஏதோ ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டுகிற பெட்டி இல்லை அது. எதை வைத்தாலும் கல்லாக்கிவிட வேண்டும் என்பதற்காகவே செய்த சாமான்.

கல்லாக்கியதெல்லாம் பினாங்கோடு சரி. கப்பலில் எங்கேயோ இடிபட்டுக் கதவின் ரப்பர் அமுங்கிப் போயிருந்தது. முதுநகர் கரண்டோ, சாயங்காலம் ஆனால் பல்பே அழுது வடியும். குளிரைக் கூட்டுகிற திருகைக் கடைசி எண் வரை திருகிவைத்தும் தண்ணீர் ஜில்லென்று ஆகும், பால் திரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அதற்கே தெரு மூக்கின்மேல் விரல் வைத்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, ஆளுக்கொரு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வீட்டுத் தில்லையம்மாள் மட்டும் தண்ணீர் குடிக்க வரவில்லை. அவள் வந்த காரியம் வேறு. அவள் புருஷன் சுப்பராயலு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிறவர். அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரையில் சம்பளம், சர்க்கரையில் வியாதி என்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது. அவர் அதையும் சிரித்தே வாங்கிக்கொண்டார். சாதுவான மனுஷன். வடலூருக்குத் தவறாமல் போகிறவர், வள்ளலாரைக் கும்பிடுகிற குடும்பம், அந்த வீட்டு அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. தினம் காலையில் அவருக்கு ஊசி போட வேண்டும். போடுவது தில்லையம்மாள்தான், டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த மருந்துச் சீசாவைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டுமாம், உங்கள் பீரோவில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

ஓரமாகவா? சர்புன்னிசா அப்படி வளர்ந்தவள் இல்லை. ஒருவர் நம்பிக் கொடுத்து வைக்கச் சொன்ன பொருள் அமானிதம். அது இரும்பு ஆணியாக இருந்தாலும் சரி, அல்லாவிடம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் இவர்கள் கறி மீன் தொடாதவர்கள். மருந்துக்குப் பக்கத்தில் மீன் வாடை படலாமா? மேலே இருக்கிற கறியிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிட்டால்? மேல்தட்டு முழுவதையும் ஒழித்தாள். சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவி, புது வெள்ளைத் துணி விரித்து, நடுவில் எவர்சில்வர் டம்ளர் வைத்து, அதற்குள் சீசாவை நிறுத்தினாள். அந்தத் தட்டில் அவள் தன் வீட்டுச் சாமான் ஒன்றைக்கூட வைக்கவில்லை. தில்லையம்மாள் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாயம்மா, நா வௌக்கு ஏத்தற எடத்தகூட இம்மாம் சுத்தமா வச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அதிலிருந்து காலையில் முதலில் திறக்கிற கதவு அந்தப் பீரோக் கதவுதான். தில்லையம்மாள் புறக்கடைப் பக்கமாக வருவாள், மருந்தை வாங்கிப் போவாள், ஊசி போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. சுப்பராயலுவுக்கு உடம்பு தேறி முகம் தெளிந்தது. சர்புன்னிசாவுக்கு அதில் பெருமை. நம் பீரோவில் இருந்த மருந்தாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் நல்ல சித்திரை வெயிலில் வந்தது. காசிம் வருகிறான் என்று தகவல், ஆனால் கப்பல் பெருநாள் கழிந்து சில வாரம் ஆன பிறகுதான் வந்து சேரும். பெருநாளில் அறுக்கிற குர்பானிக் கறியை மூன்று பங்கு வைப்பது வழக்கம். ஏழைகள் பங்கும் சொந்தக்காரர் பங்கும் அன்றைக்கே போய்விடும். மூன்றாவது பங்கு வீட்டுக்கு. அந்தப் பங்கைக் காசிம் மச்சான் வருகிறவரைக்கும் வைத்திருந்து, அவன் கையால் பிட்டுத் தின்பதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. புருஷன் பல பெருநாளாகப் பினாங்கில் தனியாகத் தின்றவன். இது பெரிய ஆசையா? இல்லை. ஆனால் தண்ணீரை மட்டும் ஜில்லென்று ஆக்குகிற பீரோவில் கறி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதனால் பழுது பார்க்க இறங்கினாள். காசிம் முன்பு சொல்லிவிட்டுப் போனதில் பாதி அவளுக்கு ஞாபகம், மீதி அவளே கண்டுபிடித்தது. சர்புன்னிசாவுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி உண்டு. பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தாள். அட கஷ்டமே! பின்னால் இருந்த கறுப்புக் குழாய்கள் தூசியும் நூலாம்படையுமாகக் கம்பளி போர்த்திக் கிடந்தன. போதாததற்கு அது நின்றது அடுப்புச் சுவருக்கு மறுபுறம். வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய சாமான் எங்கே தள்ளும்? ஈர்க்குமாறால் கூட்டித் தள்ளி, வெயில் படாத வடக்கு மூலைக்கு நகர்த்தி, சுவருக்கும் அதற்கும் நடுவே கை நுழைகிற மாதிரி இடம் விட்டாள். முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்து லேசாகப் பின்னால் சாய்த்தாள். அதன்பிறகு கதவு விட்டால் தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது.

உள்ளே பஞ்சு மாதிரி படிந்திருந்த பனியைக் கத்தியால் சுரண்டவில்லை. சுரண்டினால் குழாய் ஓட்டையாகும் என்று காசிம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தான். கரண்டை நிறுத்திவிட்டு, ஆவி பறக்கிற வெந்நீர்ச் சட்டிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பனி தானாக உதிர்ந்து விழுந்தது. கடைசியில் ரப்பர். சோப்புத் தண்ணீரில் கழுவி, அமுங்கிய இடமெல்லாம் வெந்நீரில் முக்கிய துணியால் ஒத்தடம் கொடுத்தாள். பிரசவித்தவளுக்குக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகக் கொடுத்தாள். ரப்பர் மெல்ல மெல்ல உப்பி எழுந்தது. காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தாள். முன்பெல்லாம் வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இப்போது தாள்தான் கிழிந்தது, வெளியே வரவில்லை. சர்புன்னிசா சத்தம் போட்டுச் சிரித்தே விட்டாள்.

குளிரைக் கூட்டுகிற திருகை மட்டும் அவள் தொடவில்லை. அது கடைசி எண்ணிலேயே நின்றது.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் கறியை எடுத்துத் தரையில் தட்டினாள். டங்கென்றது. தலைகால் புரியவில்லை அவளுக்கு. தெருப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினாள். அவர்கள் போன பிறகு தில்லையம்மாள் வந்தாள். சர்புன்னிசா மேல்தட்டில் கை வைத்தாள். டம்ளர் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணி தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீசாவுக்குள் மருந்து வெள்ளைக் கல்லாக நின்றது.

"என்னா பாயம்மா, ஐஸாயிடுச்சே. ஒன்னும் ஆவாதா?" என்று தில்லையம்மாள் கேட்டாள்.

அப்போது சர்புன்னிசாவுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் காலை அவள் தெருவுக்கே மெக்கானிக். மெக்கானிக்குக்குத் தெரியாதது உண்டா?

"ஒன்னும் ஆவாதுக்கா. ஐஸ் கரைஞ்சா அதே தண்ணிதானே" என்றாள்.

சீசாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைத்தும் கொடுத்தாள். கரைந்தது. ஆனால் முன்பு பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரே சீராக இருக்கும் மருந்தில் இப்போது சின்னச் சின்னத் திரிகள் மிதந்தன. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. சர்புன்னிசா அதைப் பார்த்தாள். அவள் பார்த்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு அவளுக்குப் பரிந்து பேசுவதற்கு இடம் வைக்கக் கூடாது. பார்த்துவிட்டு, திரி கரைந்த மாதிரி தெரிகிறவரை குலுக்கிக் கொடுத்தாள். தில்லையம்மாளுக்குக் கண் கொஞ்சம் மங்கல். தவிரவும், பாயம்மா சொல்லிவிட்டால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

தினமும் அப்படியே நடந்தது. கல்லாகும், உருட்டுவாள், குலுக்குவாள், கொடுப்பாள்.

பத்துப் பதினைந்து நாளுக்குள் சுப்பராயலு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். ஆள் வற்றினார். எடை மேடையில் வண்டிச் சக்கரம் உரசி கால் விரலில் பட்ட சிராய்ப்பு ஆறாமல் சீழ் வைத்தது. டாக்டர் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறீர்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார் அவர்? ஊசி தவறாமல் ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது, ஆள் வேலை பார்ப்பதோ சர்க்கரை ஆலை. சின்னப் பிள்ளைகூட அந்தக் கணக்கைப் போட்டுவிடும். டாக்டர் ஊசி அளவை இரண்டு மடங்காக்கினார்.

அன்று மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் பேசியது அத்தனையும் சர்புன்னிசா காதில் விழுந்தது. தில்லையம்மாள் புருஷனை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், அன்றைக்குப் பொரிந்து தள்ளினாள். ஆலையில் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வீட்டில் சாது வேஷம் போடுகிறீரா என்று கேட்டாள். பிறகு அவர் குரல் கேட்டது.

"வடலூர் ஜோதி மேல சத்தியம், தில்ல. நா தொடல."

"அந்தப் பேர வேற இழுக்காதீங்க" என்றாள் அவள். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவர் தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவிவைப்பார்.

சர்புன்னிசாவின் நெஞ்சில் அன்றைக்கு ஏறி உட்கார்ந்தது ஒன்று. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மருந்துக்கடை வரைக்கும் நடந்தாள். கடை வாசல் தெரிகிற இடத்தில் கால் நின்றுவிட்டது. கேட்டால் பதில் வந்துவிடுமே. வந்துவிட்டால் இத்தனை நாள் போட்ட ஊசிக்கு யார் பொறுப்பு? பீரோவின் குளிரைக் குறைத்தாக வேண்டும், மச்சானுக்கு வைத்த கறி போய்விடும், பெருமையடித்த தெருவுக்கு முன்னால் தலைகுனிய வேண்டும். இருக்காது, அந்த மனுஷன் தின்றிருப்பார், ஆலைக்குப் போனால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும் என்று நினைத்தாள். ஒரு நல்ல மனுஷனைத் திருடன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

கால் மோசமானது. தில்லையம்மாளின் தம்பி பக்கிரி சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தான். அங்கே பெயர் பெற்ற டாக்டர் ஒருவர் இருக்கிறார், கூட்டிவந்துவிடு என்று ஆள் அனுப்பினான். ஒருநாள் சாயங்காலம் அவசரமாகப் பஸ் ஏறினார்கள். ஏறுகிற அவசரத்தில் மருந்துச் சீசா மேல்தட்டிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை பீரோவைத் திறந்த சர்புன்னிசா அதைப் பார்த்தாள். சிதம்பரம் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம், எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று கேட்க மருந்துக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை கால் நிற்கவில்லை, ஏனென்றால் வேறு கேள்வி கேட்கத்தானே போகிறாள். கடைக்காரர் லூர்துசாமி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது ஐஸாயிருக்கேம்மா. ஒறைஞ்சுட்டா இந்த மருந்து செத்துப்போச்சு. தண்ணியப் போடறதும் ஒன்னு, இதப் போடறதும் ஒன்னு. நல்லவேள, போட்டுடலியே?" என்று கேட்டுக்கொண்டே அதைக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் வாய் நிற்காத ஆள். சிதம்பரத்தில் புதுச் சீசா வாங்கிக்கொள்வார்கள், கவலை வேண்டாம் என்று தேறுதல் வேறு சொன்னார்.

புதுச் சீசா என்றதும்தான் சர்புன்னிசாவுக்கு உறைத்தது. செத்த மருந்தை வைத்துக்கொண்டு ஊசி அளவை இரண்டு மடங்காக்கியாகிவிட்டது. இப்போது உயிருள்ள மருந்து. அளவு அதே இரண்டு மடங்கு. அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.  சர்க்கரை கடகடவென்று இறங்கிவிடும், வேர்த்துக் கொட்டி ஆள் கவிழ்ந்துவிடுவார், உடனே வாயில் சர்க்கரை போடவில்லை என்றால் பிழைப்பது கஷ்டம் என்றார் லூர்துசாமி. காலையில் போட்டால் மத்தியானத்துக்கு மேல் வேலையைக் காட்டுமாம்.

வீட்டைப் பூட்டினாளா, இல்லையா என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். வந்த பஸ்ஸோ ஆலப்பாக்கத்தில் நின்றது, புதுச்சத்திரத்தில் நின்றது, புவனகிரியில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். கீரப்பாளையத்தில் நெல் வண்டிகள் ரோட்டை மறித்துக்கொண்டு, மாட்டை ஒதுக்கு, நீ ஒதுக்கு என்று சண்டை. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சர்புன்னிசா துப்பட்டிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு, யா அல்லா, அந்த மனுஷனை விட்டுடு, என்னைப் பிடி என்று துஆக் கேட்டுக்கொண்டே இருந்தாள். துஆவுக்கு நடுவில்கூட, நீ அன்றைக்கே பார்த்தாயே, பார்த்தாயே என்று ஒன்று குறுக்கே வந்தது.

பக்கிரியின் வீட்டைக் கேட்டுக் கேட்டு அவள் வாசலை மிதித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டாக்டரைச் சாயங்காலம்தான் பார்க்க முடியும் என்று பக்கிரி அங்கே முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தான். உள்ளே கயிற்றுக் கட்டிலில் சுப்பராயலு. வேர்த்து வேர்த்துத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, கை நடுங்கியது, கண் எங்கேயோ பார்த்தது. தில்லையம்மாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சர்க்கரை டின்னை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"சக்கர... ஒரு வாய் சக்கர குடு, தில்ல" என்றார் அவர். குழறிற்று.

"கேட்டீங்களா பாயம்மா" என்றாள் தில்லையம்மாள், இவள் எப்படி வந்தாள், ஏன் வந்தாள் என்றுகூடக் கேட்காமல். "இத்தன நாளா திருடித் தின்னவரு, இன்னிக்கு வாயத் தொறந்தே கேக்கறாரு. அழுவறாரு பாருங்க, சக்கரைக்கு. நா குடுக்க மாட்டேன். செத்தாலும் குடுக்க மாட்டேன்."

"குடுத்துடுங்கக்கா. இல்லன்னா அண்ணன் போயிடுவாரு" என்றாள் சர்புன்னிசா.

அவள் கொடுக்கிற மாதிரி இல்லை. சர்புன்னிசா டின்னைப் பிடுங்கினாள். ஆமாம், பிடுங்கத்தான் செய்தாள், தில்லையம்மாளின் வளையல் ஒன்று உடைந்தது. சர்க்கரையைச் சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கையாலேயே கலக்கினாள். துப்பட்டி தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அன்னிய ஆண் எதிரில் முகம் காட்ட யோசிக்கிறவள், அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டு வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மீதியைக் கையால் அள்ளி நாக்கில் தடவினாள். அவர் முழுங்கினார். திரும்ப ஊற்றினாள், திரும்ப முழுங்கினார். நடுக்கம் மெல்ல அடங்கியது. கண் அலைவதை நிறுத்தி முகங்களில் வந்து நின்றது. உதட்டை நக்கிப் பார்த்தார்.

"இனிக்குது" என்றார். வியாதி வந்த நாளிலிருந்து அந்த நாக்கில் பட்ட முதல் சர்க்கரை அது. அந்த அறையில் அது தெரிந்தது சர்புன்னிசாவுக்கும் அவருக்கும்தான்.

அவர் தலையைத் தலையணையில் வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

"அவரு திங்கலக்கா. ஒருநாளும் திங்கல. மருந்துதான் செத்துப்போச்சு. எங்க பீரோவுல ஒறைஞ்சு செத்துது. திரிதிரியா ஆனத நா பாத்தேன். பாத்துட்டுதான் ஒன்னும் ஆவாதுன்னு சொன்னேன். அவரு சொன்னது நெசம், நாந்தான் பொய்."

தில்லையம்மாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சர்புன்னிசா கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். தில்லையம்மாள் காலியான தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "டின்ன புடிச்சிக்கிட்டு நின்னேனே. அவரு கேக்கக் கேக்க புடிச்சிக்கிட்டு நின்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சுப்பராயலு காலை நகர்த்தி அவள் முழங்கையில் படும்படி வைத்தார். நான் தின்னவில்லை என்று சொன்னேன் அல்லவா என்பதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை, அதையும் அவர் கேட்கவில்லை. சர்புன்னிசாவுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவள் கெடுத்தது மருந்தை மட்டும் என்றால் பரவாயில்லை. புருஷனை உயிராக நினைத்தவளின் கையைக் கொண்டே அவர் உயிரை எடுக்கப் பார்த்திருக்கிறாள். இதற்கு எந்தத் தவ்பாச் செய்து அல்லாவிடம் மன்னிப்புக் கேட்பது?

பக்கிரி டாக்டரோடு வந்ததும் அவரிடமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் அளவைக் குறைத்தார். கால் விரல் ஒன்றைக் காப்பாற்ற முடியாது என்றார். முன்பே வந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தபோது, சர்புன்னிசா தரையில் கிடந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருகை ஒன்றாம் எண்ணுக்குக் கொண்டுவந்தாள். கறி இளக ஆரம்பித்தது. அத்தனையையும் எடுத்துப் பள்ளிவாசல் பக்கத்துக் குடிசைகளில் கொடுத்துவிட்டாள். குர்பானியின் மூன்றாவது பங்கும் ஏழைகளுக்கே போய்ச் சேர்ந்தது. அதனால் பாரம் குறையும் என்று நினைத்தாள், குறையவில்லை.

காசிம் வந்தான். ஆசையாகக் கதவைத் திறந்தவன் உள்ளே தண்ணீர்ப் பானையையும் பால் பாத்திரத்தையும் பார்த்துவிட்டு, இதற்கா கடல் தாண்டிக் கொண்டுவந்தேன் என்று கேட்டான். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.  பெட்டியிலிருந்து புதுக் கதவு ரப்பரை எடுத்துக் கையில் வைத்திருந்தான், அவளுக்கென்று பினாங்கில் தேடி வாங்கியது. கேட்டு முடித்ததும் அதைப் பரணில் தூக்கி வைத்தான்.

ஆனி பிறந்த பிறகுதான் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. சுப்பராயலு கட்டுப்போட்ட காலோடு, கோல் ஊன்றி உள்ளே போவதைச் சர்புன்னிசா மறைவில் நின்று பார்த்தாள். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலையில் புறக்கடைக் கதவு தட்டப்பட்டது. தில்லையம்மாள் நின்றாள். கையில் புதுச் சீசா.

"வேணாங்கக்கா" என்றாள் சர்புன்னிசா, அவள் வாய் திறக்கும் முன்பே. "மண்சட்டியில ஈர மணல் போட்டு வச்சிக்குங்க. அதுவே போதும். எங்கிட்ட குடுக்காதீங்க."

தில்லையம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் புது வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை.

"இது எதுக்கு?"

"ஒறையுதான்னு பாக்க. தெனம் காலையில பாப்பேன்."

"எப்பலேருந்து?"

"சிதம்பரத்துலேருந்து வந்த நாளா."

"யாரு மருந்து கொண்டாருவாங்கன்னு வச்சீங்க?"

சர்புன்னிசா வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். தில்லையம்மாள் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சீசாவைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீங்க பண்ணது எனக்கு மறக்கல பாயம்மா. மறக்கவும் மறக்காது. நா பண்ணதும் மறக்காது. ஆனா இந்த ஊர்ல இந்த மருந்துக்கு நம்ம ரெண்டு பேரு அளவுக்குப் பயந்தவங்க யாரும் இல்ல. இங்கியே இருக்கட்டும்" என்றாள். பிறகு வழக்கம்போலப் புறக்கடைப் பக்கமாக, காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சர்புன்னிசா சீசாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மருந்து ஒரே சீராகச் சாய்ந்தது. திரும்ப வைத்தாள். கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமல், இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.